பாலத்தின் மேல் ரயில் போகும்போது

எழுத்துச் சோதனை வைக்காமல் எந்தப் பிள்ளையையும் படிப்பில் பின்தங்கியோர் வகுப்புக்கு மாற்றக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் விதி. நனைந்த கம்பளிக் கோட்டுகள் நாய்வாடை வீசத் தொங்கிய நடைவழியில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அதை மாட்டியிருந்தார்கள். கோட்டைக் கழற்றும் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பேச்சு வராது என்பதால் சுவரில் இருந்ததையெல்லாம் படித்தேன். அந்த விதியைக் கடைசி வரிவரை படித்தவர் அந்தக் கட்டடத்தில் வேறு யாராவது இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அப்பா புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் போனதும் அவர்களுடைய குடியுரிமையை வாங்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே அவர்கள் தலைநகருக்கு வந்து, லா சப்பல் பக்கத்தில் இரண்டு அறைகளில் எங்களைக் குடிவைத்தார். பிரெஞ்சு சர்க்கார் தவறு செய்யாது, உரக்கப் பேசும் பிள்ளையே கெட்டிக்காரப் பிள்ளை என்ற இரண்டும் அவருக்கு வேதம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து வரும் விருந்தாளிகள் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் பிரெஞ்சுப் பாட்டு ஒப்பிக்கச் சொல்வது எங்கள் ஊர்க் குடும்பங்களின் வழக்கம். என் தம்பி கையை ஆட்டி ஆட்டி ஒப்பித்துவிட்டுக் கேக் வாங்கிக்கொள்வான். என் முறை வந்தால் நான் தரையின் விரிசல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"மூத்தது ஊமையா, முசியே?" என்றார் ஒரு விருந்தாளி.

"ஊமைன்னா டாக்டர்கிட்ட காட்டிரலாமே. இது திமிரு" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

திமிருக்கு அப்பாவே வைத்தியம் கண்டுபிடித்தார். லா சப்பலில் மெத்ரோ ரயில், பூமிக்கு அடியில் போகாமல் தெருவுக்கு மேலே இரும்புப் பாலத்தில் போகிறது. ஞாயிறு மாலைகளில் அந்தப் பாலத்தின் கீழே என்னை நிறுத்திவிட்டு, அப்பா எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுவார். வழியில் போகும் அந்நியரை நிறுத்தி எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கே நான் வழி கேட்க வேண்டும். அவர் அங்கிருந்து என் உதடுகளைக் கவனிப்பார். இதற்கு "வாய் தொறக்குற வேலை" என்று பெயர். நான் அங்கே கற்றுக்கொண்டது வேறு. மேலே ரயில் இடித்துக்கொண்டு வரும் நேரம் பார்த்து உதட்டை அசைத்தால், எதிரில் நிற்பவர் ஒன்றும் கேட்காமல் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார். அப்பாவுக்கோ திருப்தி. அந்தப் பாதையின் ரயில் நேரங்கள் எனக்கு மனப்பாடமாயின.

வகுப்பறைக்கு மேல் ரயில் ஓடவில்லை. ஆசிரியையை "மேத்ரெஸ்" என்போம். அவர் என்னைக் கேள்வி கேட்டதும் விடை உடனே வந்துவிடும். ஆனால் அதை ஒழுங்கான வாக்கியமாக்கி, பிழை பார்த்து, தொண்டை வரை கொண்டுவருவதற்குள் கேள்வி அடுத்த மேசைக்குப் போயிருக்கும். "பொம்மைக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள்" என்பார் மேத்ரெஸ். பிள்ளைகள் என் முதுகில் சாவி திருகுவார்கள். ஒருநாள் தலைமையாசிரியை வந்து, என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார், வாய்மொழியாகத்தான். நான் தரையைப் பார்த்தேன். அத்துடன் என்னை மாற்றுவது முடிவாயிற்று.

அப்பாவை வரச்சொன்னார்கள். பின்தங்கியோர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அங்கிருந்து லிசே என்ற மேல்நிலைப் பள்ளிக்குப் போக முடியாது; தையல் கூடத்துக்கோ சமையற்கட்டுக்கோதான் போகும். இதையும் தலைமையாசிரியை மறைக்கவில்லை. விதி கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டும் டையுமாக வந்திருந்த அப்பா எழுந்து, "மெர்சி, மதாம்" என்று நன்றி சொல்லிக் குனிந்து கை கொடுத்தார். அந்த வாரமே அம்மா சுட்ட முறுக்கு ஒரு டப்பா தலைமையாசிரியையிடம் போயிற்று.

"ஏங்க, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"சர்க்கார் முடிவு எடுத்துட்டா நாம வாயத் தொறக்கக் கூடாது" என்றார் அப்பா.

புது வகுப்பில் காகிதம் வெட்டி ஒட்டினோம். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என் பழைய வகுப்பு. மேத்ரெஸின் குரல் கணீரென்று கேட்கும். கத்தரிக்கோலை நகர்த்திக்கொண்டே, பயமில்லாமல், அந்த ஆண்டின் பாடம் முழுவதையும் சுவர் வழியாகப் படித்து முடித்தேன். இடையில், வசந்தம் தொடங்கும்போது, கல்வி மேலாளருக்கு ஒரு மனு எழுதினேன். விதியைக் குறிப்பிட்டு, எழுத்துச் சோதனை நடக்கவில்லை, நடத்துமாறு வேண்டுகிறேன் என்று. அப்பா தகரப்பெட்டியில் வைத்திருந்த பழைய அலுவலகக் கடிதங்களைப் பார்த்து நடை பழகியிருந்தேன். அவற்றில் இருந்தபடியே கையெழுத்தாகக் குடும்பப் பெயரை மட்டும் போட்டேன். வசந்தம் போயிற்று, கோடை விடுமுறையும் வந்தது. பதில் வரவில்லை.

பின்னாளில் மாலைப் பள்ளியில் படித்து, வாயைத் திறக்கத் தேவையில்லாத ஒரு போட்டித் தேர்வை எழுதி, மனுக்களுக்குப் பதில் அனுப்பும் மேசைக்கே வந்து சேர்ந்தேன். என் மேசையில் ஒரு மனுவும் கெடு தாண்டியதில்லை. கருணை என்று சக ஊழியர்கள் நினைத்தார்கள். நான் வஞ்சம் தீர்த்துக்கொண்டிருந்தேன். கவுன்ட்டரில் போய்க் கேட்கக் கூசுகிறவர்கள்தாம் விதிகளைக் கரைத்துக் குடிக்கிறார்கள். என் கல்வி என்பது அவ்வளவுதான்.

இப்போது பக்கத்துப் பகுதியான மார்க்ஸ் டோர்மோயில் தனியாக இருக்கிறேன். காய்கறிக்கு லா சப்பலுக்கு நடந்து போவேன். "என்ன வேணுமெண்டு வாய் திறந்து சொல்லுங்கோவன், அம்மா" என்பார் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர். நான் வெண்டைக்காயைக் கைகாட்டுவேன். அவர் முற்றலாகப் பார்த்துப் போடுவார். அந்தப் பள்ளி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். அந்த வகுப்பையே சர்க்கார் ஒழித்துவிட்டது. விதியும் அதன் கண்ணாடிச் சட்டமும் எங்கே போயினவோ. அப்பா, அம்மா இருவரும் இல்லை. மாறாமல் இருப்பது பாலமும் அதன் சத்தமும்தான்.

வீட்டில் அப்பா சட்டமிட்டு மாட்டிய வேறொரு காகிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. விடுமுறை முடிகிற நேரத்தில் வந்த மேலாளரின் பதில், அப்பா பெயருக்கு. மனுவின் பிரெஞ்சு நடை அருமை என்று முதலில் பாராட்டு. இத்தகைய மொழிவளம் உள்ள தந்தையின் வீட்டில் வளர்ந்தும் ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால் குறை பிள்ளையிடம்தான், ஆகவே சோதனை தேவையில்லை என்று முடிவு. மனுவை யார் எழுதியது என்று அப்பா கேட்கவில்லை. பாராட்டு இருந்த பத்தியை மட்டும் என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். தடங்கலில்லாமல் படித்தேன். "பாத்தியா, தொறந்தா வருதுல்ல" என்றார். பிறகு என் கையைப் பிடித்து அதே வகுப்பில் கொண்டுபோய் விட்டார். அது செப்டம்பர் மாதம், பள்ளி திறந்த நாள்.