குருவிகுளத்துக்குப் போகாத பூ விலை

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள் சுப்புலட்சுமி. பெர்ல் என்ற கணினி மொழியைத் தானாகவே படித்தாள். ஊருக்கு ஒரு உரைக்கோப்பு. வரிக்கு ஒரு விவசாயி. பெயர், போன் எண், கடைசியில் பூ. 'மல்லி' என்று கேட்டால் அவள் எழுதிய ஸ்கிரிப்ட் மல்லிக்காரர்களைப் பொறுக்கி எடுத்து, மறுநாள் விலையை அவர்கள் போனுக்கு அனுப்பிவிடும். அந்த விலையைப் பார்த்துத்தான் அவர்கள் எந்தக் கடைக்குப் பூ போடுவது என்று முடிவு செய்வார்கள்.

இந்த வாரம் குருவிகுளத்திலிருந்து மல்லி வரவில்லை. முதலாளி வெள்ளத்துரை கடுகடுத்தார்.

"குருவிகுளத்துக்காரன் மெசேஜே வரலைங்கான். நாளைக்கும் பூ வரலைன்னா நீ வேற சோலி பாத்துக்கோம்மா."

பக்கத்து நாற்காலியில் பில் போடும் மாரிசெல்வி சிரித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. "ஏட்டி, ஓசில கிடைக்கத வச்சு எழுதுனா இப்படித்தான். சாப்ட்வேர் வாங்கச் சொல்லு."

சுப்புலட்சுமி குருவிகுளம் கோப்பில் ஒரு விவசாயியின் பெயரைக் கொடுத்துத் தேடினாள், வந்தது. போன் எண்ணும் வந்தது. பூவைக் கொடுத்தால் மட்டும் ஒருவரும் இல்லை. கோப்பைத் திறந்தால் மல்லி மல்லியாகத்தான் தெரிந்தது. அந்தச் சொல்லைச் சதுர அடைப்புக்குள் வைத்துத் திரையில் அச்சிட்டுப் பார்த்தாள். மூடும் அடைப்பு சொல்லுக்குப் பின்னால் நிற்காமல் வரியின் தொடக்கத்துக்குத் தாவியிருந்தது.

சொல்லின் வாலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டியிருக்கிறது; அதனால்தான் 'மல்லி' என்று கேட்டால் பொருந்தவில்லை. விண்டோஸில், எக்ஸலில் திறந்து சேமித்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் விழுவது அது. கடையில் இருப்பதோ லினக்ஸ், அதில் அது விழாது. விண்டோஸ் லேப்டாப் கொண்டுவருபவள் மாரிசெல்வி. கடைக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டையும் சுப்புலட்சுமி அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"செல்வி, குருவிகுளம் ஃபைலை உன் லேப்டாப்ல எதுக்குட்டி திறந்த?"

மாரிசெல்வி பில்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணன் மார்க்கெட்டுல புதுக்கடை போட்டிருக்கான்லா, விவசாயிங்க நம்பர் கேட்டான். பாத்துட்டு சேவ் குடுத்து மூடிட்டேன். அதுல என்ன கெட்டுப்போச்சு?"

"நான் ஏச்சு வாங்கும்போது பக்கத்துலதான இருந்த?"

"ஃபைல் கெட்டது எனக்குத் தெரியாதுட்டி."

"நம்பர் குடுத்தது தெரியும்லா?"

மாரிசெல்வி அடுத்த பில்லை எடுத்தாள்.

அந்த எழுத்தை வெட்டிவிட சுப்புலட்சுமி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து ஓட்டினாள். மல்லிக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள், விலை போனது. சற்று நேரத்தில் குருவிகுளத்து மல்லிக்காரி முப்பிடாதியம்மாள் போனில் கூப்பிட்டாள்.

"இத்தன நாளும் விலை சொல்லாம விட்டுட்டியளேம்மா. புதுக்கடைக்காரரு தினமும் சொல்லுதாரு. அவருக்கே போடுதோம்னு எல்லாரும் வாக்குக் குடுத்துட்டோம்."

போனை வைத்ததும் முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சரியாயிட்டா?"

"ஸ்கிரிப்ட் சரியாயிட்டு அண்ணாச்சி. பூ வராது. ஏன்னு செல்வி சொல்லுவா."