யப்பான் மாப்பிள்ளைக்குப் பொருத்தம் பார்த்த கதை

பிரின்டரில் கிடந்த அந்தத் தாளை நான் எடுத்திருக்கவே கூடாது. மேலே ஒரு யப்பான் பொடியனின் படம், சிரிக்காத முகம். கீழே பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், உயரம், நிறை, படித்த பள்ளிக்கூடம். கலியாணத்துக்குக் கொடுக்கிற விபரம் இப்படித்தானே இருக்கும்? ஐந்து வருடத்துக்கு முன் மகள் கூட்டிவந்த ஒருவரை நான் வேண்டாம் என்றதிலிருந்து, வீட்டில் கலியாணப் பேச்சே இல்லை. இப்போது அவளே எடுத்து வைத்த தாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? யப்பான்காரரும் சோறுதான் சாப்பிடுவார்கள், அது சரி. பேரப்பிள்ளை எந்தப் பாசையில் கதைக்கும்? இரண்டு நாள் தலை சுற்றியது. மூன்றாம் நாள் மோர்னிங்சைட்டில் பஸ் ஏறி, மாறி மாறி றிச்மண்ட் ஹில்லில் சாதகம் பார்க்கிற சாத்திரியாரிடம் போய்ச் சேர்ந்தேன்.

"பிறந்த நேரம் இல்லையே, அக்கா. திகதியும் அங்கத்தைத் திகதியோ, எங்கட திகதியோ?" என்று அவரும் குழம்பினார். ஒரு மாதிரிக் கணித்து, பத்துக்கு ஏழு பொருந்துது என்றார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்ற முதலே, "பிள்ளை, எனக்குச் சம்மதம்" என்றேன்.

தாளைக் கண்டதும் மகள் சோபாவில் விழுந்து சிரித்தாள். அவர் ஒரு உதைபந்தாட்டக்காரராம். சனிக்கிழமைகளில் அவள் பந்து பழக்குகிற சிறுமிகளுக்குக் காட்ட எடுத்தாளாம். முதல் பக்கத்தோடு பிரின்டரில் தாள் முடிந்துவிட்டதாம். லட்சக்கணக்கான சனம் போனில் அவரைப் பின்தொடருதாம்.

ஒரு ஆட்டத்தையும் ரீவியில் போட்டுக் காட்டினாள். அரை மணித்தியாலம் பார்த்தேன். அவர் மற்றவர்களின் காலடியில் வந்த பந்தை வெளியே அடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

"இவர் கோல் அடிக்க மாட்டாரோ?"

"அவற்ர வேலை அதில்லை அம்மா. மற்றவையை அடிக்க விடாமல் மறிக்கிறது."

"மறிக்கிறதுக்கோ இவ்வளவு சனம்?"

எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. மகள் சிரிப்பதை நிற்பாட்டியிருந்தாள்.

"அம்மா, நீங்கள் உண்மையா ஓம் எண்டுதான் வந்தனீங்களோ?"

"ஓம். நல்ல பிள்ளை எண்டால் ஆராய் இருந்தால் என்ன?"

அவள் ரீவியின் சத்தத்தைக் குறைத்தாள். "அப்ப, அண்டைக்கு நான் கூட்டிவந்தவர் ஏன் வேண்டாம்?"

அன்று வந்தவர் முஸ்லிம் பிள்ளை. மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள், பேச்சு எங்களைவிட நல்ல தமிழ். தேத்தண்ணி குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அவர் கார் தெரு முனை தாண்ட முதலே, இந்த வீட்டில் உது நடக்காது என்று சொன்னவள் நான். அப்போது காரணங்கள் வாயில் வரிசையாக வந்தன. இப்போது ஒன்றையாவது தேடிப் பார்த்தேன், வரவில்லை. யப்பான் தூரத்துக்கு இறங்கிப் போன எனக்கு, மட்டக்களப்பு ஏன் தூரமாய் இருந்தது? வெட்கமாக இருந்தது.

"அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"போன வருசம்," என்றாள்.