தண்ணி பாலிஷும் மயிலைக் காளையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ். வலது கை கம்பியைப் பிடித்திருந்ததால் டிக்கெட்டுக்கு இடது கையை நீட்டினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா பெருசு இது?"

கட்டைவிரல் நகத்தில் லேசான ரோஸ். ஆள்காட்டி விரலில் கொஞ்சம் கூடுதல் ரோஸ். நடுவிரல் கொய்யாப்பழத்தின் உள்பக்கம் மாதிரி. மோதிர விரலில் ரோஸ் மேல் ஆரஞ்சு. சுண்டு விரலில் குறுக்கே இரண்டு கோடு வேறு.

"நெயில் பாலிஷ்பா" என்றேன்.

"அது தெரியுது. யாருக்குக் கல்யாணம்? உனுக்கா?"

"கைக்கு மட்டும்."

பஸ்ஸே சிரித்தது. நான் கையை மடக்கவில்லை. ஏன் மடக்க வேண்டும்? அந்த ஐந்து நகத்தையும் காயவைக்க எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்பது உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

சிரிக்காதவள் ஒருத்திதான். ஜன்னலோரம், இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மருமகள் வசந்தா. அவள் தங்கச்சி கல்யாணத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். போகிறவள் என்னோடு திரும்பி வருவாளா? அது அன்றைக்குக் காலையில் எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வரிசையாகச் சொல்ல வராது என்பது உங்களுக்குப் பழகிப்போன விஷயம்... இருந்தாலும் பார்ப்போம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாராவாரம் இந்தப் பத்திரிகைக்கு நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் வசந்தாதான். அவள் புருஷன், என் ஒரே பையன் ஏழுமலை, துபாய்க்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாதம் தவறாமல் கடிதம் வரும். மூன்று மாதமாக வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவில் சைக்கிளை மிதிக்கிற வேகத்தைப் பார்த்தே இன்றைக்கும் இல்லை என்று தெரிந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் வந்தார். லீவில் துபாயிலிருந்து வந்தவர். கையில் ஒரு பார்சல்.

"எம்புள்ள எப்பிடி இருக்கான் பாய்?"

"நான் பாக்கல அண்ணே. அவரு ரூம்ல இருந்தவரு ஒருத்தரு குடுத்துவுட்டாரு. இன்னா ஏதுன்னு கேக்கறதுக்குள்ள பிளேனுக்கு நேரமாயிடுச்சி."

மோர் குடித்துவிட்டு அவர் போன பிறகு பிரித்தோம். ஒரு துண்டு, ஒரு சோப்பு, நாலு குட்டிக் கண்ணாடி பாட்டில். நெயில் பாலிஷ். ரோஸ், ஆரஞ்சு, கத்திரிப்பூ, இன்னொன்றில் நிறமே இல்லை. கடிதமும் இல்லை. வசந்தா துண்டை மூன்று முறை உதறிப் பார்த்தாள்.

சரி, பாலிஷாவது இருக்கிறதே என்று ரோஸைத் திறந்து ஒரு நகத்தில் தடவினாள். ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் தொட்டு வைத்த மாதிரி பளபளப்பு, அவ்வளவுதான். திண்டிவனம் கடையில் விற்கிற பாலிஷ் ஒரு இழுப்பு இழுத்தால் நகம் இருந்த இடம் தெரியாது. இது என்ன?

அந்த நேரம் பார்த்துத்தான் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள் வசந்தாவின் பெரியம்மா, தனபாக்கியம். விழுப்புரத்துக்காரி. நல்ல மனசு, வாய் கொஞ்சம் பெரிசு. (இந்த வரியை எழுத யோசிக்கிறாள் வசந்தா. எழுதும்மா, அவங்க இந்தப் பத்திரிகை வாங்கறதில்ல.)

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள் தனபாக்கியம்.

"தண்ணி ஊத்தினதுடி இது. வேலையில கீற ஆம்பள பொண்டாட்டிக்கு இதயா வாங்கி அனுப்புவான்? எங்க தெருவுல பேசிக்கிறாங்க, அங்க கம்பெனி மூடிட்டானாம். உங்க மாமா சொல்லலையா?"

மாமாவுக்குத் தெரிந்தால்தானே சொல்வேன்?

"வசந்தா, கல்யாணத்துக்கு வர்றப்ப துணிமணியும் எடுத்துக்கினே வந்துடு. பெரியவங்க நாலு பேரும் இருப்பாங்க, பேசி முடிச்சிடலாம். அவன் வந்தா வந்து கூட்டிக்கினு போவட்டும்."

வசந்தா பாட்டிலை வாங்கி மூடி வைத்தாள். தனபாக்கியம் போன பிறகு என்னிடம் கேட்டாள்.

"அவரு எப்பிடி இருக்காருன்னு எனக்கே தெரியல மாமா. அங்க கேட்டா நான் இன்னா சொல்றது?"

எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தை விட்டுவிட்டு பாலிஷைப் பிடித்துக்கொண்டேன். அது நமக்குத் தெரிந்த சங்கதி. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான். கொம்பும் நகமும் ஒரே சாமான்தானே? வருஷம் தவறாமல் எங்கள் மயிலைக் காளைக்கு ஒரு கொம்பு சிவப்பு, ஒரு கொம்பு நீலம். ஒரு வருஷம் அவசரப்பட்டு, முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை அடித்து, அது போய் வைக்கோல்போரில் தலையை விட்டு... பொங்கல் முழுக்க மீசை வைத்த கொம்போடு சுற்றியது. அதற்கப்புறம் எந்தப் பெயிண்ட்டிலும் எனக்குத் தப்பு வந்ததில்லை.

அதனால் எனக்குச் சந்தேகமே இல்லை. பெயிண்ட் நீர்த்துப்போனால் என்ன செய்வோம்? கெட்டிப் பெயிண்ட்டைக் கலப்போம். பரணில் பொங்கலுக்கு மிஞ்சிய சிவப்பு இருந்தது. வசந்தா கழனிக்குப் போயிருந்த நேரத்தில் கத்திரிப்பூ பாட்டிலைத் திறந்து நாலு சொட்டு விட்டேன். விளக்குமாற்றுக் குச்சியால் கலக்கினேன்.

திரிந்த பால் பார்த்திருக்கிறீர்களா? அதே. சின்னச் சின்னக் கட்டியாக.

வந்து பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இருக்கட்டும் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்சம் மூன்று பாட்டிலையும் எடுத்து மாடத்தில் வைத்தாள், எனக்கு எட்டாத உயரத்தில். வீணாக்குவானேன் என்று திரிந்ததைக் கொண்டுபோய் மயிலையின் கொம்பில் தடவிவிட்டேன். கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. காளை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவளே மூன்று பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, கைய குடுங்க."

"எதுக்கு?"

"ஒண்ண கெடுத்தீங்க இல்ல? மிச்சத்த உங்க மேல போட்டுப் பாக்கறேன்."

நியாயம்தானே? கொடுத்தேன். கட்டைவிரலில் ஒரு பூச்சு. ஆள்காட்டியில் இரண்டு. நடுவிரலில் மூன்று. "ஒண்ணு நல்லா காயட்டும், அப்புறம் அடுத்தது" என்றேன். வைக்கோல் மீசையின் ஞாபகம். ஒவ்வொன்றும் காய்கிற வரைக்கும் வேப்பங்காற்றில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காக்கா கூட ஒரு மாதிரி பார்த்தது.

மூன்றாவது பூச்சில் நிறம் எழுந்து வந்தது. மேலே அப்பின நிறம் இல்லை. உள்ளேயிருந்து வருகிற மாதிரி ஒரு நிறம். ரோஸ் மேல் ஆரஞ்சு வைத்தால் பாட்டிலில் இல்லாத மூன்றாவது நிறம் வந்தது. ஈர்க்குச்சி முனையைத் தோய்த்து சுண்டு விரலில் கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழேயும் நகம் தெரிந்தது.

"இது தண்ணி ஊத்தினது இல்ல மாமா" என்றாள். "இப்பிடித்தான் இருக்கணும்னு செஞ்சிருக்காங்க."

"எதுக்கு இப்பிடி செய்யணும்?"

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பதில் வேலியோரத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மருதாணி பறித்து, கொட்டைப்பாக்கு சேர்த்து அரைத்தாள். வழக்கமாக வைக்கிறதுதான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்து உரித்துப் பழுப்பேறிய நகத்துக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் நம்புவது மருதாணியைத்தான். அவள் கையில் அது இல்லாமல் நான் பார்த்தது குறைவு. மூன்று மாதமாகத்தான் வைக்காமல் விட்டிருந்தாள்.

அரைத்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். உள்ளே போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொண்டுவந்தாள். இப்போது புதிதாக வந்திருக்கிறதே, ஒட்டுகிற பொட்டு, அதில் கடுகளவு சின்னது. ஒவ்வொரு நகத்தின் நடுவிலும் ஒன்று ஒட்டினாள். அதன் மேல் மருதாணியை வைத்துத் தொப்பி மாதிரி மூடினாள். மத்தியானம் வரைக்கும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே இருந்தாள். சோறு வடித்தது நான்தான். குழைந்துவிட்டது, அதை விடுங்கள்.

கழுவிவிட்டுப் பொட்டை உரித்தாள். செக்கச் சிவந்த நகம், நடுவில் வெளுப்பாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஆரஞ்சு ஒரு பூச்சு. காயவிட்டாள். மேலே முழுசாக ரோஸ் ஒன்று. காயவிட்டாள். கடைசியாக அந்த நிறமில்லாத பாட்டில். மருதாணிக்கு மேல் கண்ணாடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. கையைத் திருப்பினால் வெயில் ஏறி இறங்கியது. நிலா ஒவ்வொரு நகத்துக்குள்ளும் உட்கார்ந்திருந்தது.

திண்டிவனம் கடை பாலிஷாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மருதாணியும் போயிருக்கும், நிலாவும் போயிருக்கும்.

அந்தக் கையைத்தான் பஸ்ஸில் முந்தானைக்குள் வைத்திருந்தாள். துணிப்பையும் மடியில் இருந்தது. ஒரு நாளைக்கு உண்டான துணியா, மொத்தத் துணியுமா? நான் கேட்கவில்லை. என் நகத்துப் பாலிஷும் போகவில்லை, அழிக்கிற மருந்து பார்சலில் வரவில்லை. அதனால் அப்படியே போனேன்.

மண்டபத்தில் மணப்பெண்தான் முதலில் பார்த்தாள். அப்புறம் கூட்டம். ஒருத்தி கையைப் பிடித்து இழுக்க, இன்னொருத்தி நகத்தைச் சுரண்டிப் பார்க்க, நடுவில் புகுந்தாள் தனபாக்கியம்.

"இதுவா அந்தத் தண்ணி?"

"இதேதான் பெரிம்மா."

"அன்னிக்கு ஒண்ணுமே தெரியலயே?"

"அன்னிக்கு எங்கையில மருதாணி இல்ல. கீழ இருக்கறத காட்டற பாலிஷ் இது. கீழ ஒண்ணும் இல்லன்னா அது எத காட்டும்?"

தனபாக்கியம் என் பக்கம் திரும்பினாள். என் இடது கையையும் பார்த்தாள். வாய் திறந்து மூடிக்கொண்டது. அப்படி ஒரு காட்சியை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆனாலும் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சை எடுத்துவிட்டாள். பெரியவர்கள் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வசந்தா இங்கியே இருக்கட்டும்னு பாக்கறோம்..."

"நான் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறேன் பெரிம்மா."

"எந்த தைரியத்துலடி? மூணு மாசமா ஒரு காகிதம் இல்ல."

வசந்தா இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். "காகிதம் இல்ல. ஆனா நின்னு, பாத்து, யோசிச்சி வாங்கியிருக்காரு. வேலையில்லாம அலையறவருக்கு அவ்வளோ பொறுமை வராது. மாமாவுக்கு வேற எழுத வேண்டியது இருக்கு. நான் போவணும்."

பெரியவர்களில் ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொண்ணே போறேங்குது. நம்ம இன்னா பேசறது? எழுந்துருங்க, அடுத்த பந்தி நிக்குது."

திரும்பி வரும்போது அவள் கை ஜன்னல் கம்பி மேல் இருந்தது, ஊரே பார்க்கட்டும் என்கிற மாதிரி. பையைத் திறந்து எனக்கு ஒரு ஜாங்கிரி கொடுத்தாள். உள்ளே ஒரே ஒரு மாற்றுப் புடவைதான் இருந்தது.

யோசித்துப் பார்த்தால், நமக்கு உடனே கண்ணில் அடிக்காத எதையும் போலி என்று சொல்லிவிடுகிறோம். தனபாக்கியம் வாயால் சொன்னாள். நான் நாலு சொட்டு சிவப்பு ஊற்றிச் சொன்னேன். என்ன பெரிய வித்தியாசம்?

புதன்கிழமை, தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

கடிதத்தை வசந்தா வாசித்தாள். கம்பெனி மூடவில்லை. ஊருக்கு வெகு தூரத்தில் வேறு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள், தபால் எடுக்க வண்டி எப்போதாவதுதான் வருமாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. நடுவில் சில வரிகளைப் படிக்காமல் தாண்டினாள். எனக்குப் படிக்கத் தெரியாது. தாண்டுவது தெரியும்.

அப்புறம் மெதுவாக இதைப் படித்தாள்: "பாலிஷ் கடையில் இன்னா கலர் வேணும்னு கேட்டாங்க. எனக்கு கலர் பேரெல்லாம் தெரியாது. அவ கையில எப்பவும் மருதாணி இருக்கும், அது மறையாத மாதிரி குடுங்கன்னு கேட்டு வாங்கினேன்."

கடிதத்தை மடியில் வைத்துவிட்டுத் தன் நகத்தைத் தடவிப் பார்த்தாள். மாடு மணியை ஆட்டியது.

கடைசி வரியையும் படித்தாள். நாலில் அந்தக் கத்திரிப்பூ நிறம்தான் அவனுக்கு ரொம்பப் பிடித்ததாம், போட்டால் எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருக்கிறான்.

வசந்தா பேனாவை எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மயிலைக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது என்று எழுதச் சொன்னேன்.