புரொண்பி மைதானத்தில் எறிந்த பந்து

அண்ணா மானிப்பாயில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாட்டில் அவர் பழக்கிய அணியோடு மோத மற்றப் பள்ளிக்கூடங்கள் தயங்கும். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு அண்ணியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு என்னுடன் டென்மார்க் வந்தார்.

புரொண்பியில் எங்கள் மாடிக் கட்டடத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு வெறுங்காணி கிடந்தது. கட்டட வேலைக்காரர் விட்டுப்போன கல்லும் சீமெந்துக் கட்டியும் நிறைந்த நிலம். பேஸ்போல் விளையாட ஆசைப்பட்ட பத்துப் பன்னிரண்டு டேனிஷ்காரர், அங்கே வீடுகள் எழும்பும்வரை என்று நகரசபையிடம் அதைக் கேட்டு வாங்கியிருந்தனர். மூன்று சனிக்கிழமைகள் அண்ணா ஜன்னலால் பார்த்தார். நான்காவது சனிக்கிழமை இறங்கிப் போய்க் கல் பொறுக்கத் தொடங்கினார். ஹென்றிக் என்ற தச்சுத் தொழிலாளி ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அறிமுகம் அவ்வளவுதான்.

கோடை வருவதற்குள் புல் முளைத்தது, கம்பிவலைத் தடுப்பு எழுந்தது. சுண்ணாம்புக் கோடு போடும் வேலை அண்ணாவுடையதாயிற்று.

"எங்கட எல்லேதான்ரா தம்பி. உடுப்புத்தான் வேற," என்று சிரித்தார்.

ஒருநாள் ஆள் குறைந்தபோது அண்ணாவையும் இறக்கினார்கள். எதிரணியில் ஹென்றிக் பந்தை அடித்துவிட்டு ஓடினார். எல்லேயில் ஓடுகிறவரின் உடம்பில் பந்தை எறிந்து பட்டால் அவர் ஆட்டமிழப்பார். அங்கே பந்து மென்மையானது. பேஸ்போலில் அந்த விதி இல்லை, பந்தும் கல்லுப் போன்றது. அண்ணா பந்தை எடுத்து ஹென்றிக்கின் முதுகுக்கு எறிந்தார். அந்தக் கணத்தில் ஹென்றிக் குனிந்து திரும்பிப் பார்த்தார். இடது கண் போய்விட்டது.

கை தவறியதாக எல்லோரும் நினைத்தனர். அன்று பின்னேரம் அண்ணா சாப்பிடவில்லை.

"நான் குறிபார்த்துத்தான் எறிஞ்சனான். அவனுக்குச் சொல்லவேணும். இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித் தா."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அண்ணை. குறிபார்த்ததெண்டு எழுதினா பொலிஸ் என்ன நினைக்கும்? உங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அண்ணியவை வரவேண்டாமே?"

"எங்கட விளையாட்டு விதி அதெண்டு எழுதன்."

"ஆருக்கு விளங்கும் எங்கட விதி?"

"ஊரில பேப்பரில வேலை செய்தனி. பொய் எழுதமாட்டனெண்டு பீத்தினனி."

"நான் ஒண்டும் எழுதேல்லையே. பேசாம இருப்பம்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஹென்றிக்தான் அண்ணாவைத் தேற்றினார். பந்து ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது, உன்னில் பிழையில்லை என்றார். அண்ணா என்னைப் பார்த்தார். நான் ஹென்றிக்கிடம் ஓமென்று தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார்.

அதன்பிறகு அவர் விளையாடவில்லை. சனிக்கிழமைகளில் கோடு மட்டும் போட்டார். விசா கிடைத்து அண்ணியும் மகளும் வந்தார்கள். அந்த வசந்தத்தில் மண்வெட்டும் இயந்திரங்களும் வந்தன. மைதானம் இருந்த இடம் இன்று புது வீடுகளின் வாகனத் தரிப்பிடம்.

அண்ணாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஹென்றிக் கிழமைதோறும் பார்க்க வந்தார். அவர் வரும்போது அண்ணா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். வலி என்று அண்ணி சொல்லிக்கொள்வார். கடைசிக் கிழமையில் அண்ணா என் கையைப் பிடித்து, "நீயாவது சொல்லு," என்றார். ஓம் என்றேன். மரணச் சடங்கில் ஹென்றிக் பெட்டியைத் தோளில் சுமந்தார். அன்றும் நான் சொல்லவில்லை.

அண்ணா போனபின் இந்த ஓராண்டில் அண்ணியையும் மகளையும் தாங்கிய உறவினர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும், கடைசிவரை அவரை இரவு பகலாகப் பராமரித்த தாதியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஹென்றிக், உங்களுக்கு நன்றி சொல்லுமுன் ஒரு திருத்தம் சொல்லவேண்டும். பந்து ஈரமாக இருக்கவில்லை. அண்ணாவின் கை வழுக்கவுமில்லை. தான் அறிந்த விதிப்படி அவர் உங்களைக் குறிபார்த்து எறிந்தார். அதை அன்றே உங்களிடம் சொல்ல விரும்பினார். தடுத்தவன் நான். நினைவு மலரின் இந்தப் பக்கத்தை அவருடைய மகள் உங்களுக்கு டேனிஷில் வாசித்துச் சொல்வாள். அவளும் இதை இன்றுதான் அறிகிறாள்.