பூக்கடையின் புலனமும் ஐந்து நட்சத்திரங்களும்

பூவுக்கு ஒருநாள் ஆயுள். பூக் கேட்டு வரும் செய்திக்கோ ஐந்து நிமிடம்தான், அதற்குள் விடை போகாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கடைக்கென்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, சோற்றுத் தட்டுக்கு அருகிலும் கைப்பேசியை நிறுத்தி விடையெழுதும் அன்பர்களே, உங்கள் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வுபெற்று, நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்த என்னை அழைத்தவள் பக்கத்து வீட்டுச் செல்வி. ஈப்போவில் கோயில் வாசலில் இருந்த அவளுடைய பூக்கடை வரிசை இடிபட்டுப்போக, ஜெலாப்பாங்கில் பட்டறைகளுக்குப் பின்னால்தான் வேறொரு கடை கிடைத்தது. அந்தத் தெருவில் லாரிகளைத் தவிர எதுவும் நடமாடாது. வாடிக்கையாளர் கடைக்கு வராவிட்டால், கடை வாடிக்கையாளரிடம் போகவேண்டும் அல்லவா? புவான் ஐனி என்னும் கணினிக்காரப் பெண்மணி, ஊரார் வாட்சாப் என்று சொல்லும் புலனத்தையும், ஆர்டர்ப் பக்கத்தையும், மாலை கொண்டுபோகும் வேன்காரரையும் ஒரே நூலில் கோத்துக் கொடுத்தார். செய்தி வந்தால் இயந்திரமே வணக்கம் சொல்லும், ஆர்டர் எடுக்கும், வேனுக்கும் தகவல் அனுப்பும். அதற்குப் புரியாதவை மட்டும் என்னிடம் வரும். அது பேசவேண்டிய தமிழை எழுதிக் கொடுத்தவளும் நானே.

தொடங்கிய அன்றே செல்வி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "ஆடி வரைக்கும் பாப்பேன் டீச்சர். தோட்டத்துக் கோயில் திருவிழா ஆர்டர் நமக்கு வரலன்னா, கடையச் சாத்திட்டு மறுபடி கிளவ் பேக்டரிக்கே போயிடுவேன்." அவள் முன்பு வேலைபார்த்த கையுறைத் தொழிற்சாலை அது.

முதல் மணியோசை

கைப்பேசி முதன்முதலாக 'டிங்' என்றபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். செல்வி கையிலிருந்த சாமந்தியைக் கீழே போட்டாள். எழுதியவர் ஆயர் தாவாரைச் சேர்ந்த ஒரு பெரியவர். "வணக்கம்மா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டிருந்தார். நம்மவர் எவரும் நலம் விசாரிக்காமல் நேராக வியாபாரம் பேசமாட்டார். இயந்திரமோ, "வணக்கம். சாமிக்கு 1, திருமணத்துக்கு 2, பிறந்தநாளுக்கு 3 என்னும் எண்ணை அழுத்துக" என்றது.

பெரியவர் பொறுமைசாலி. "நான் சாப்பிட்டேன். வீட்ல எல்லாரும் சுகமா?" என்று எழுதினார். "மன்னிக்கவும், புரியவில்லை. சாமிக்கு 1" என்று மறுபடியும் தொடங்கியது இயந்திரம். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துக் குறுக்கே புகுவதற்குள் அவர் நேரடியாக அழைத்துவிட்டார்.

"ஏம்மா, சுகமான்னு கேட்டா நம்பர் சொல்லுங்குறீங்க. லாட்டரிக் கடையா வச்சிருக்கீங்க?"

லாரிக்கு ஒரு மாலை

எதிர்ப் பட்டறைக்காரர் ஆ செங் என்னும் சீனர், பழைய ரப்பர்த் தோட்டத்து மளிகைக் கடைக்காரரின் மகன். தமிழை நம்மைப்போலவே பேசுவார். எழுத மட்டும் வராது. புதிய லாரிக்குப் பூசை போட மாலை வேண்டுமென்று மலாயில் செய்தி அனுப்பினார். என் உற்சாகத்துக்கு அணைபோட முடியவில்லை. மாலையின் நீளம், நிறம், பூசை நாள், வண்டியின் முகப்பு அகலம் ஆகியவற்றைப் பத்தி பிரித்து, முன்னுரை முடிவுரையோடு, மலாய்த் தேர்வில் முழு மதிப்பெண் பெறத்தக்க விடையொன்றை அனுப்பினேன்.

சற்று நேரத்தில் அவரே கைகளில் கரியோடு தெருவைக் கடந்து வந்து, கைப்பேசித் திரையை மேலும் கீழும் தள்ளிக் காட்டினார்.

"டீச்சர், நான் லாரிக்கு மாலை கேட்டேன், நீங்க கட்டுரை அனுப்பிட்டீங்க லா!"

குரல்வழிச் செய்தி

லெட்சுமி என்னும் அம்மாள் எழுதவே மாட்டார். குரலைத்தான் பதிவு செய்து அனுப்புவார். முதற்பதிவில் மீன் பொரியும் ஓசையும், பூனையை விரட்டும் ஓசையும், மருமகளைப் பற்றிய முறையீடும் நிறைந்திருந்தன. கடைசியில், "போன தடவை மாதிரியே குடுத்துருங்க" என்று முடிந்தது. போன தடவை என்பது பழைய கடையில் நடந்தது. இயந்திரத்துக்கு அது முற்பிறவி. பெயரையும் முகவரியையும் பணிவாகக் கேட்டேன்.

"என் சத்தம் எஸ்டேட்டுக்கே தெரியும், உங்க மெஷினுக்கு மட்டும் தெரியாதா?"

நட்சத்திரம்

இதற்குள் ஆர்டர்கள் பெருகிவிட்டன. காலையில் கடை திறக்கும்போதே டிங், டிங் என்று ஒலிக்கும். செல்வி மாலை கட்டிக்கொண்டே பாடுவாள். இந்த வேளையில்தான் கோயில் தலைவர் ராமையாவின் ஆர்டர் வந்தது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகும், அந்தத் தோட்டத்துக் கோயிலையும் அதன் ஆடித் திருவிழாவையும் விடாமல் நடத்துபவர் அவர். பெரிய ரோஜா மாலையொன்றைக் கேட்டு, குறிப்பில், "மச்சான் தவறிட்டாரு" என்று எழுதியிருந்தார்.

செல்வி கண்கலங்கி, தன் கையாலேயே கட்டி அனுப்பினாள். மனிதர்கள் நாங்கள் இருவரும் குறிப்பைப் படித்தோம். இயந்திரம் படிக்கவில்லை. மறுநாள் உரையாடலைத் திறந்த நான் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் படித்தேன். "மகிழ்ச்சி! தங்கள் மாலை புறப்பட்டுவிட்டது." அதன்கீழ், "நன்றி, மீண்டும் வருக. இதே மாலை மீண்டும் வேண்டுமாயின் 1ஐ அழுத்துக." அன்று காலையில் இன்னொன்று: "தங்கள் நிகழ்ச்சி சிறப்பாக நடந்ததா? எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" ஒவ்வொன்றிலும் இரண்டு நீலக்குறிகள். அவர் படித்துவிட்டார். வாக்கியங்களில் பிழை எதுவும் இல்லை. அதுதான் என்னை மேலும் வாட்டியது.

செல்வி என் தோள்வழியே எட்டிப் படித்தாள்.

"திருவிழா போச்சு டீச்சர்."

துக்க வீட்டில்

அன்றே கடையைச் சாத்திவிட்டு இருவரும் புறப்பட்டோம். வாசலில் கூடாரம் இன்னும் பிரிக்கப்படவில்லை. ராமையா எங்களைக் கண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். செல்வி மன்னிப்பைத் தொடங்குமுன் அவரே பேசினார். "எனக்குக் கண்ணாடி இல்லாம படிக்க முடியாது. யாரோ ஆறுதல் சொல்றாங்கன்னு நெனச்சு, மருமகன்கிட்ட போனக் குடுத்தேன். அவன் கூடாரம் முழுக்கக் கேக்குற மாதிரி படிச்சிட்டான், நிகழ்ச்சி சிறப்பா நடந்துச்சான்னு. தங்கச்சி அழுகைய நிறுத்திட்டு அவனையே பாக்குது."

செல்வி தலைகுனிந்தாள். நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். துக்க வீட்டிலிருந்து எழும்போது 'போய் வருகிறேன்' என்று நம்மவர் சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவதே வழக்கம். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த அவ்வழக்கத்தை அறியாத ஒரே ஆள் எங்கள் இயந்திரம். நாங்கள் எழுந்தோம். கோயில் ஆர்டரைப் பற்றிக் கமிட்டிதான் முடிவு சொல்லவேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்த ராமையா, செல்வியின் முகத்தைப் பார்த்து மெல்லச் சேர்த்தார்.

"உன் மாலைக்கு வாய் இல்ல செல்வி, அது நல்லாத்தான் இருந்துச்சு. உன் போனுக்குத்தான் வாய் ஜாஸ்தி."

திருத்தமும் திருத்தத்தின் திருத்தமும்

மறுநாளே புவான் ஐனியை வரவழைத்தோம். முதல் வணக்கத்துக்குப் பின், "நல்ல காரியமா, துக்க காரியமா?" என்னும் கேள்வியைச் சேர்த்தோம். சிக்கல் தீர்ந்தது என்று நான் மகிழ்ந்த மகிழ்ச்சி மதியம்வரை நீடித்தது. தஞ்சோங் மாலிமிலிருந்து, மகளுக்கு நிச்சயம் முடித்த ஓர் அம்மாள், ஆர்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு அழைத்தார். "பொண்ணுக் கல்யாணத்துக்கு மொத மொத மாலை கேக்குறேன், வாயத் தொறந்ததும் சாவா வாழ்வான்னு கேக்குதே உங்க கடை!"

அவர் சொன்னதும் நியாயமே. துக்கத்தைக் கேளாமலும் இருக்கக்கூடாது. பெயர் சொல்லிக் கேட்கவும் கூடாது. செல்விதான் வழி கண்டாள். பட்டியலில் சாமி, திருமணம், பிறந்தநாள் ஆகியவற்றின்கீழ் நான்காவதாக 'மற்றவை' என்று மட்டும் இருக்கட்டும். அதை அழுத்தியவுடன் இயந்திரம் வணக்கமும் நன்றியும் நட்சத்திரமும் இன்றி விலகிக்கொள்ளவேண்டும்; செல்வியின் மேசையில் மட்டும் மணி அடிக்கவேண்டும். புவான் ஐனி சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எல்லாக் கடைக்காரங்களும் நல்லா பேசுற மெஷின் கேப்பாங்க, வாய மூடத் தெரிஞ்ச மெஷின் கேட்டது நீங்க மட்டும்தான்!"

நான்காம் எண்

ஆடி நெருங்கியது. கல்யாண ஆர்டர்கள் குறைந்தன. கோயிலிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. செல்வி கிளவ் பேக்டரியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று ஒருத்தியிடம் விசாரித்தது என் காதிலும் விழுந்தது. அப்போது மேசை மணி அடித்தது. திரையில் ராமையாவின் பெயர், அருகில் 'மற்றவை'.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இன்னொரு சாவா? செல்வி உடனே அவரை அழைத்து, "என்னாச்சு தலைவரே?" என்றாள். ஒலிபெருக்கியில் ராமையாவின் சிரிப்புக் கேட்டது. "ஒண்ணும் ஆகலமா. நாலு அழுத்துனாதான் மனுசங்க பேசுறாங்கன்னு தோட்டம் முழுக்கப் பேச்சு, அதான் அழுத்துனேன். சாவு வீட்டுக்கு நேர்ல வந்து உக்காந்த கடைக்காரி வேற யாரும் இல்லன்னு தங்கச்சியே கமிட்டில சொல்லிருச்சு. திருவிழா முழுக்க அம்மனுக்கு நீதான் மாலை. ரதத்துக்கும் சேத்து."

செல்வி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். என் வயதுக்கு நானும் குதித்தேன். போனை வைக்குமுன் ராமையா ஒரு கட்டளையிட்டார்.

"திருவிழா முடிஞ்ச மறுநாள் அந்த மெஷின என்கிட்ட கேக்கச் சொல்லு, நிகழ்ச்சி எப்படி இருந்துச்சுன்னு, அஞ்சு நட்சத்திரமும் ரெடியா வச்சிருக்கேன்!"

வாழ்நாளெல்லாம் வகுப்பறைகளில் 'பேசாதே' என்று அதட்டியும் ஒரு பிள்ளையின் வாயையும் மூடவைக்க முடியாத நான், ஓய்வுபெற்ற பிறகு அந்த ஒரே பாடத்தை ஓர் இயந்திரத்துக்குக் கற்பித்து முதன்முறையாக வெற்றி கண்டிருக்கிறேன்.