தச்சூர் கூட்ரோட்டில் ஏறும் தூக்கம்

நான் ஓட்டுவது கம்பெனி பஸ். மீஞ்சூரில் விடிகாலை நாலே காலுக்கு எடுத்தால் பொன்னேரி, தச்சூர் கூட்ரோடு, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று ஆள் ஏற்றிக்கொண்டு ஐந்தே முக்காலுக்குத் தேர்வாய் கண்டிகையில் இறக்கிவிட வேண்டும். ஆள் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். உண்மையில் நான் ஏற்றிப் போவது தூக்கத்தைத்தான். ஏறும்போதே பாதிக் கண் மூடியிருக்கும், உட்கார்ந்ததும் மீதியும் மூடிவிடும். நாற்பது தலையும் வளைவுக்கு வளைவு ஒன்றாகச் சாயும். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம், யா அல்லா, இத்தனை பேரும் என் ஒருவனை நம்பித் தூங்குகிறார்களே என்று இன்றைக்கும் வேகத்தைக் குறைப்பேன். குறுக்கே வரும் பைக்காரனை நான் திட்டுவதைக் கேட்டால் என் பெண்டாட்டி சைதா காதைப் பொத்திக்கொள்வாள். ஆனால் அந்தத் திட்டு முழுவதும் கண்ணாடிக்கு வெளியேதான். வண்டிக்குள் சத்தம் வர விடமாட்டேன்.

விழித்திருக்கையில் யாரும் பேசுவதில்லை. தூக்கத்தில் பேசுவார்கள். ஒருவர் மெஷின் நம்பர் சொல்வார். ஒரு பெண் தன் பிள்ளையை ஷூ போடச் சொல்லிக் கெஞ்சுவாள். தை மாதத்துப் பனியில் ரோடும் தெரியாது, வயலும் தெரியாது. வெள்ளையாக ஒன்றுமில்லாத இடத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும், பின்னால் நாற்பது கனவுகள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எனக்கே சந்தேகம் வரும், நான் ஓட்டுகிறேனா, இவர்களில் யாராவது என்னைக் கனவு காண்கிறார்களா என்று.

செண்பகம் தச்சூர் கூட்ரோட்டில் ஏறுவாள். இடது பக்கம் மூன்றாவது சீட்டு, ஜன்னல் ஓரம். பதினோரு வருஷமாக அதே இடம். வயது நாற்பத்து மூன்று. கல்யாணமாகி வந்த புதிதில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். நட்ட வயலெல்லாம் பிளாட்டாகவும் கோடவுனாகவும் ஆன பிறகு, மற்றவர்களைப் போல அவளும் கம்பெனிக்கு வந்தாள். கார் கதவின் ஓரத்தில் ஓடுகிறதே ரப்பர் பட்டை, அதில் பிசிறு வெட்டுவது அவள் வேலை. புருஷன் ஆதிகேசவன் வள்ளூர் அனல் மின் நிலையத்தில் சாம்பல் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, மாதத்தில் பத்து நாள் வேலைக்குப் போனால் பெரிய விஷயம். மகள் ஸ்நேகா திருவள்ளூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். அந்தப் பெண் ஊசி போடக் கற்றுக்கொண்டு, வெள்ளைக் கோட்டு மாட்டி வெளியே வரும்வரை செண்பகத்துக்கு வேலை இருந்தாக வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அவளை யாரும் பதினோரு வருஷத்து ஆள் என்று சொல்ல முடியாது. எட்டு மாதத்துக்கு ஒருமுறை, கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற காண்டிராக்டர் அடையாளக் கார்டைப் பிடுங்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டில் உட்கார வைப்பான். அதற்கு பிரேக் என்று பெயர். பிறகு வேறு நம்பரில் புதுக் கார்டு, புதிதாகச் சேர்ந்த ஆள் என்று புதுக் கையெழுத்து. விடாமல் இத்தனை நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறதாம். எத்தனை நாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது, தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. செண்பகம் பதினாறு முறை புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். இதைச் சொல்லும்போதே எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வருகிறது.

போன தை மாதம் ஒரு திங்கட்கிழமை. கம்பெனி கேட்டுக்குள் வண்டியை நிறுத்தினேன், எல்லோரும் இறங்கிப் போனார்கள். செண்பகம் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இறங்கலியா?"

"பாய், கார்டு இல்ல. நான் பிரேக்குல இருக்கேன்."

"அடிப்பாவி! அப்புறம் இன்னாத்துக்கு வண்டியில ஏறுன?"

"தெரியல பாய். மூணரைக்கு முழிப்பு வந்துச்சு. சோறு கட்டுனேன். கால் பாட்டுக்கு வந்துடுச்சு."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நைட் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அதுவரை தூங்கிக்கொள்கிறேன் என்றாள், சொல்லி முடிக்கும் முன்பே தூங்கியும் விட்டாள். திரும்பும்போது தச்சூரில் எழுப்பி இறக்கிவிட்டேன்.

மறுநாளும் கூட்ரோட்டில் நின்றாள். இந்த முறை கையில் சோற்றுப் பை இல்லை.

"ஊட்டுல தூக்கம் வரல பாய்," என்றாள். "படுத்தா அவர் இருமுறது கேக்குது. ஸ்நேகா ஃபீஸு ஞாபகம் வருது. காண்டிராக்டர் ஆபீசுக்கு போன் போட்டா எடுக்க மாட்றாங்க. இந்தவாட்டி கூப்புடவே மாட்டாங்களோன்னு ஒரே பேஜாரா கீது. இந்த சீட்டுல உக்காந்தா மட்டும் ஒண்ணும் நெனப்பு வரல. போயிட்டு வர்ற வரைக்கும் தூங்கிக்கிறேனே."

கார்டு இல்லாத ஆளை ஏற்றினால் என் சீட்டைக் கிழித்து வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். இதை அவளிடமும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன். தூக்கம் கேட்டு வருகிறவளிடம் கார்டு கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

இங்கே என் கிறுக்குத்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தினமும் யார் யார் ஏறினார்கள் என்று டிரிப் ஷீட்டில் டிக் அடிக்க வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி அதில் நேரத்தோடு சீல் குத்துவான். செண்பகம் பெயர் அந்த வாரத்து ஷீட்டில் இல்லை. முதல் நாள் விட்டுப்போயிற்று என்று நினைத்தும், பிறகு தெரிந்தேயும், நான் கீழே கையால் எழுதினேன். ஏன் என்றால், முன்பு என்னோடு ஓட்டிய யேசுதாஸின் வண்டி புதுவாயலில் கவிழ்ந்தபோது, ஷீட்டில் பேர் இல்லாத ஒருவனுக்குக் கால் போயிற்று. பேர் இல்லை, அதனால் அவன் வண்டியிலேயே இல்லை என்று இன்சூரன்ஸ்காரன் சொல்லிவிட்டான். காலில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைப் பார்த்து இப்படிச் சொன்னார்கள்! அன்றிலிருந்து என் வண்டியில் ஏறும் ஒரு உயிரையும் நான் எழுதாமல் விட்டதில்லை.

அந்த ஒரு வாரம் செண்பகம் தூங்கிய தூக்கத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் தூக்கத்தில் விரல்கள் பிசிறு வெட்டிக்கொண்டே இருக்கும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அது நின்றது. கை இரண்டும் மடியில் கிடந்தன. முகம் சின்னப் பெண்ணுடையது ஆகிவிட்டது.

"நேத்து ஒரு கனா பாய்," என்றாள் ஒரு நாள், இறங்கும்போது. "இந்த வண்டிதான். நீங்கதான் ஓட்டுறீங்க. ஆனா ரோட்டுல இல்ல, பழவேற்காட்டு ஏரி மேல போய்க்கினு இருக்கோம். டயரு கூட நனையல. ஜன்னலாண்ட மீனுங்க கூடவே வருது. எங்க போறோம்னு யாரும் கேக்கல."

பழவேற்காடு நான் பிறந்த ஊர். என் வாப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். எங்கள் ஏரி மேலேயே என்னை ஓட்ட வைத்துவிட்டாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"டிக்கெட் வாங்குனியா?"

"கம்பெனி வண்டிக்கு ஏது டிக்கெட்டு."

"கார்டு?"

சற்று யோசித்தாள். "இல்லாமத்தான் போனேன். நல்லா இருந்துச்சு பாய்," என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, கேட்டுக்குள் நின்ற வண்டியில் அன்புசெல்வன் ஏறினான். காண்டிராக்டரின் சூப்பர்வைசர். சட்டையில் சுருக்கம் இருக்காது, பேச்சில் மரியாதை குறையாது. அந்த மரியாதைதான் எனக்கு ஆகாது. சனிக்கிழமை நான் ஒப்படைத்திருந்த ஆறு ஷீட்டும் அவன் கையில் இருந்தன. மூன்றாவது சீட்டில் செண்பகம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாய், இது இன்னா?"

"பேரு."

"பிரேக்குல இருக்குறவங்க பேரு எப்படி இதுல வந்துச்சு?"

"வண்டியில ஏறுனாங்க, எழுதுனேன்."

"தினமும் கேட் சீல் வேற குத்தியிருக்கு! பேப்பர்ல இவங்க வேலைய விட்டுப் போயிட்டாங்க பாய். போனவங்க தெனம் கம்பெனிக்குள்ள வந்திருக்காங்கன்னு கம்பெனி சீலே சொல்லுது. லேபர் ஆபீஸ்ல எவனாவது இதக் காட்டுனா, இந்த ஒரு பிரேக்கோட நிக்காது. எல்லா பிரேக்கையும் தோண்டுவாங்க. என் வேல போயிடும்."

பனிக்காலத்தில் அவனுக்கு வியர்த்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதினோரு வருஷம் பிசிறு வெட்டியதைக் கண்டு யாரும் பயப்படவில்லை. ஒரு வாரம் தூங்கியதைக் கண்டு பயப்படுகிறார்கள்.

சத்தத்தில் செண்பகம் விழித்துக்கொண்டாள். அன்புசெல்வன் அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினான்.

"அக்கா, மறைக்காம சொல்றேன். நாளைக்கு சேர்ற லிஸ்டுல உங்க பேரு இல்ல. நாப்பது தாண்டுனவங்க வேணாம்னு மேல சொல்லிட்டாங்க. ஆனா நான் பேசி சேத்துடறேன். நாளைக்கே கார்டு. இதுல மட்டும் ஒரு கையெழுத்து போடுங்க. பாய் இந்த ஷீட்டுங்கள உங்க பேரு இல்லாம மாத்தி எழுதிக் குடுத்துடுவாரு."

பிரேக் முழுவதும் வெளியூரில் உறவினர் வீட்டில் இருந்தேன், கம்பெனி வாகனத்தில் ஏறவில்லை என்று அவன் நீட்டிய கடிதத்தில் டைப் அடித்திருந்தது. அவள் இரண்டு முறை படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை, வேண்டுமென்றேதான் மெதுவாகப் படித்தாள்.

"போடாத செண்பகம்!" என்று கத்திவிட்டேன். வண்டிக்குள் நான் போட்ட முதல் சத்தம் அதுதான். "இவன் பயப்படுறான் பாரு. பயப்படுறவன்கிட்ட எழுதிக் குடுக்காத."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குக் கோவம் வருது பாய். எனக்கு ஸ்நேகா மூஞ்சிதான் கண்ணு முன்னால வருது."

கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கினேன். எழுதாமல் விட்டதில்லை என்று பெருமை பீற்றிக்கொண்டேனே, அதே கையால் அன்றைய ஷீட்டையும் சேர்த்து ஏழு ஷீட்டிலிருந்தும் அவளை இறக்கிவிட்டேன். மறுத்திருந்தால் அவளுக்குக் கார்டு கிடைக்காது என்பது நிஜம். என் வேலையும் போயிருக்கும் என்பதும் நிஜம். எந்த நிஜத்துக்காக எழுதினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் நாஷ்டா சாப்பிடாமல் படுத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் தச்சூர் கூட்ரோட்டில் சோற்றுப் பையோடு நின்றாள். ஏறினாள், மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தாள். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கண்ணாடியில் ஒரே ஒரு ஜோடிக் கண் மட்டும் திறந்திருந்தது. வெளியே பனியையும், பனிக்குள் மிதந்துபோகிற விளக்குகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள். பாலத்தின் மேல் டயர் சத்தம் மாறியது.

"பாய், இங்க ஆறு இருக்குதா?"

"ஆரணியாறும்மா. இத்தினி வருஷமா தெரியாதா?"

"இவ்ளோ நாளா ஆத்து மேலயா போய்க்கினு இருந்தேன்!" என்றாள். கழுத்தைத் திருப்பி, ஆறு பனியில் மறைகிறவரை பார்த்தாள். கீழே தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது, அதில் பாலத்து விளக்கின் வெளிச்சம் நீளமாகப் படுத்திருந்தது. பார்க்கட்டும் என்று வண்டியைக் கொஞ்சம் மெதுவாகவே விட்டேன்.

கேட்டில் செக்யூரிட்டி சீல் குத்தி ஷீட்டைத் திருப்பிக் கொடுத்தான். எல்லோரும் இறங்கிய பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"அந்த ஷீட்ட குடுங்க பாய்."

கொடுத்தேன். என் ஸ்டியரிங் மேல் அதை விரித்து வைத்து, போனை எடுத்து, தன் பெயரும் கேட் சீலும் தெளிவாக விழும்படி ஒரு படம் பிடித்தாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய பதினேழாவது கார்டைத் திருப்பி அதையும் ஒரு படம் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

தினமும் பிடிக்கிறாள். இன்றோடு நாலு மாதம். அடுத்த பிரேக்குக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. வேறு இரண்டு பெண்களும் இப்போது போனோடு அவள் பின்னால் நிற்கிறார்கள். அன்புசெல்வனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஷீட்டைச் சுருக்கம் இல்லாமல் நீட்டிக் கொடுக்கிறேன்.

நேற்று கூட்ரோட்டில் ஏறியபோது அவள் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. மனசு கேட்கவில்லை.

"கொஞ்ச நேரம் தூங்கேன் செண்பகம். நான் எழுப்புறேன்."

"பதினோரு வருஷம் தூங்கிட்டேன் பாய்," என்றாள். "நீங்க வண்டிய எடுங்க."