இரட்டைத் தையல்

1976-ஆம் ஆண்டு. வளைகுடாவில், அல் ஐன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தேன். பின்பக்கம் இரண்டு தையல் மிஷின். தேசிய தினத்துக்கு நாங்களே கொடி தைத்து விற்போம் என்பதால் சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்புத் துணி எப்போதும் இருப்பில் இருக்கும்.

ஒரு நாள் மாலை, எங்கள் வாடிக்கையாளரான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார். அவரை மொராக்கோக்காரர் என்றுதான் கடைத்தெருவே சொல்லும். அவரும் ஒவ்வொரு முறையும் சலிக்காமல் ‘இல்லை, சஹாராவி’ என்று திருத்துவார். அன்று ஒரு கொடி தைத்துத் தரச் சொன்னார். எங்களிடம் இருந்த அதே நான்கு நிறம்தான். அடுக்கு மட்டும் வேறு, நடுவில் சிவப்புப் பிறையும் நட்சத்திரமும்.

எந்த நாட்டுக் கொடி என்று கேட்டேன். ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயின்காரன் போனதும் மொராக்கோ உள்பட பக்கத்து நாடுகள் இரண்டும் தங்கள் சஹாரா மண்ணைப் பங்கு போட்டுக்கொண்டதாகவும், ஜனங்கள் அல்ஜீரியப் பாலைவனத்துக்கு ஓடிப்போய்க் கூடாரங்களில் இருப்பதாகவும் சொன்னார். அவருடைய தங்கையும் அங்கேதான் இருந்தாளாம். மறுநாள் அந்தப் பக்கம் புறப்படும் ஒருவரிடம் கொடியைக் கொடுத்தனுப்ப வேண்டும். விட்டால் வேறு ஆள் கிடையாது.

“யாரோட இருக்க இஷ்டம்னு எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல” என்றார். துணி விலை விசாரிப்பது போலத்தான் சொன்னார்.

அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றழைக்கும் என் தையல்காரர் ஓரமாக இழுத்தார். “நமக்கெதுக்குக் காக்கா இந்த வம்பு? கஃபீல் பார்த்தா அடுத்த பிளைட்டுல ஊருக்கு அனுப்பிடுவார்.”

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. எங்கள் விசாவும் கடை லைசென்ஸும் கஃபீலாக இருந்த அந்த அரபியின் கையில். இங்குள்ள பெரியவர்கள் மொராக்கோ பக்கம் என்று ஊரில் பேச்சு வேறு. எனக்கும் விருப்பமில்லைதான். ஆனால் வாத்தியார் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கிற வழியாக இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. தைக்கச் சொல்லிவிட்டேன்.

பிறையை ஒட்டித் தைத்து முடிக்கும் நேரத்தில், சொல்லி வைத்தாற்போல் கஃபீல் உள்ளே வந்தார். ஒளித்து வைக்க நேரமில்லை. கொடியைக் கையில் எடுத்து, யாருடையது என்று கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வாத்தியார் எழுந்து நின்று, தன்னுடையது என்றார்.

கஃபீல் கொடியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

“ஒத்தைத் தையல் போட்டிருக்கே” என்றார் என்னிடம். “மணல் காத்துக்குத் தாங்காது. எங்க மொதக் கொடி ஒரே வாரத்துல கிழிஞ்சு போச்சு. ரெட்டையாப் போடு.”

கொடியை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் நாட்டுக்கே அப்போது ஐந்து வயதுதான். வருஷா வருஷம் அந்த நாட்டுக் கொடியை விற்ற எனக்கு அது உறைக்கவே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் கடையில் மட்டுமாவது வாத்தியார் சஹாராவி. இன்றைக்கும் உலகப் படத்தில் அந்த மண்ணின் எல்லை புள்ளிக்கோடாகத்தான் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் போட்ட அந்த இரண்டாவது தையலாவது பிரியாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.